கட்டிய வரி ஒரு வீட்டுக்கு, பாக்கி இன்னொரு வீட்டுக்கு: ஒரு நகராட்சித் தெருவின் நிகழ்வு ஆய்வு

நான் உள்ளாட்சி வருவாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனு எழுத, ரசீது சரிபார்க்க என்று தெருவில் யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். பெரும்பாலானவை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கீழே வருவது முடிய ஐந்து மாதம் ஆனது. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டு, பெயர்களையும் ஊரையும் விட்டுவிட்டு எழுதுகிறேன். ஊர், தென்மாவட்டத்து நகராட்சி ஒன்று.

பின்னணி

வீட்டுக்காரர் அறுபத்தேழு வயது அம்மா. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 1994-ல் கணவர் கட்டிய வீடு. 2009-ல் பின்பக்கம் ஓர் அடுப்படியும் ஓர் அறையும் சேர்த்தார்கள். கணவர் 2015-ல் இறந்தார். வீட்டு வரி அதன் பிறகும் அவர் பெயரிலேயே ஓடியது. பெயர் மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, இவருக்கும் தோன்றவில்லை. வரி கட்டினால் போதாதா என்பதுதான் நினைப்பு.

2019 செப்டம்பர் வரை பில் கலெக்டர் வீட்டுக்கே வருவார். அம்மா பணம் கொடுப்பார், அவர் கையிலிருக்கும் சின்ன மெஷினில் சீட்டு அடித்துத் தருவார். அந்தப் பில் கலெக்டர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் வீடு வீடாக ஏறும் வழக்கம் உள்ளவர் இல்லை. அப்புறம் கொரோனா வந்தது. பெங்களூருவில் வேலை பார்க்கும் மகன், "நான் ஆன்லைன்ல கட்டிடுறேன், நீ அலையாதம்மா" என்று பொறுப்பை எடுத்துக்கொண்டார். 2019-20 இரண்டாம் அரையாண்டு தொடங்கி ஏழு அரையாண்டு தவறாமல் கட்டினார். ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அம்மா அதைப் பக்கத்துக் கடையில் பிரிண்ட் எடுத்து மஞ்சப்பையில் போட்டு வைப்பார்.

நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சிகளில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. கிராம ஊராட்சியில் வீட்டு வரி வருடத்துக்கு ஒருமுறை. கிராமத்திலிருந்து டவுனுக்குக் குடிவந்தவர்கள் வருடத்தில் ஒரு தடவை கட்டிவிட்டு மீதியை பாக்கி வைப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த வீட்டில் அந்தக் குழப்பம்கூட இல்லை.

2023 ஜூன்: கேட்பு அறிவிப்பு

ஜூன் இரண்டாம் வாரம் நகராட்சியிலிருந்து கேட்பு அறிவிப்பு, அதாவது வரியைக் கட்டச் சொல்லும் தாள், வந்தது. ஏழு அரையாண்டு பாக்கி ரூ.3,030, நடப்பு அரையாண்டு ரூ.505, ஆக ரூ.3,535. செலுத்தத் தவறினால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்று கீழே ஒரு வரி.

தொகை பெரிதில்லை. அந்த அம்மாவை உலுக்கியது தொகை இல்லை. "நாங்க ஒருநாளும் பாக்கி வெச்சதில்ல சார்" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். மஞ்சப்பையை என் மேஜையில் கவிழ்த்தார். ரப்பர் பேண்ட் உருகி காகிதத்தோடு ஒட்டியிருந்தது. பில் கலெக்டரின் மெஷின் சீட்டுகளில் பாதி வெளுத்து வெறும் வெள்ளைத் தாளாகியிருந்தன. வெயில் படாமல் வைத்தாலும் அந்தச் சீட்டுகளுக்கு ஆயுசு குறைவு. மகன் கட்டிய ஏழு ரசீதுகள் மட்டும் பளிச்சென்று இருந்தன. பெயர் சரி, தெரு சரி, கதவு எண் 31 சரி.

முதலில் நானும் கணினிக் கோளாறு என்றே நினைத்தேன். பணம் போய்ச் சேர்ந்தும் கணக்கில் வரவு விழாமல் நிற்பது உண்டு. அப்படி ஒரு மனு எழுதவும் ஆரம்பித்துவிட்டேன்.

கையில் கண்டது

எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு கணக்கு இடித்தது. மகன் முதல் ஐந்து அரையாண்டுக்குத் தலா ரூ.618 கட்டியிருக்கிறார், கடைசி இரண்டுக்குத் தலா ரூ.927. 618-ஐ ஒன்றரையால் பெருக்கினால் சரியாக 927. அதாவது ஐம்பது சதவீத உயர்வு.

2022-23 முதல் அரையாண்டிலிருந்து தமிழ்நாடு முழுக்கச் சொத்து வரி உயர்ந்தது நினைவிருக்கும். சென்னைக்கு வேறு கணக்கு. மற்ற மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகளில் குடியிருப்புக்கு நான்கு படிகள்: 600 சதுர அடிக்குள் இருந்தால் 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. இந்த அம்மாவின் பையில் 2022-ல் நகராட்சி கொடுத்த வரி உயர்வு அறிவிப்பும் இருந்தது. அதில் பரப்பளவு 590 சதுர அடி, பழைய வரி ரூ.404, புதிய வரி ரூ.505. கால் பங்கு உயர்வு.

ஆக, அம்மாவின் கையில் இருந்த தாள் 505 என்கிறது. மகனின் போன் 927 என்கிறது. ஒரே வீட்டுக்கு இரண்டு தொகை இருக்க முடியாது. மகன் அப்போது, "என்னம்மா, தொள்ளாயிரத்துக்கு மேல வருது?" என்று கேட்டிருக்கிறார். "வரி ஏத்திட்டாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தானே" என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். அந்த அறிவிப்பை ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

ஒவ்வொரு வீட்டின் வரிக் கணக்குக்கும் நகராட்சி தரும் தனி எண் வரிவிதிப்பு எண். ரசீதில் இருந்த அந்த எண்ணையும் கேட்பு அறிவிப்பில் இருந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கடைசி மூன்று இலக்கம் வேறு. மகன் ஏழு அரையாண்டாக வேறொரு வீட்டுக்கு வரி கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

எப்படி மாறியது

மறுநாள் வருவாய்ப் பிரிவுக்குப் போய் இரண்டு எண்களையும் கணினியில் எடுத்துப் பார்த்ததும் விளங்கிவிட்டது. மகனிடம் இருந்தது பழைய கையெழுத்துக் காலத்து எண். அதை நம்பாமல் பெயர், தெரு, கதவு எண் போட்டுத் தேடியிருக்கிறார். கதவு எண்ணாக அவர் போட்டது வீட்டு வாசலில் தகரத் தகட்டில் இருக்கும் 31. அது புதிய எண். பழைய எண் 14. நகராட்சிப் பதிவேட்டில் இந்த வீடு இன்னும் 14-ஆகவே இருந்தது. பதிவேட்டில் 31 என்று இருந்தது தெருமுனை வீடு. அதற்கு அது பழைய எண், புதிய எண் 52.

கதவு எண் மட்டும் மாறியிருந்தால் பெயர் காட்டிக் கொடுத்திருக்கும். தெருமுனை வீட்டுக்காரர் பெயரும் இறந்துபோன கணவர் பெயரும் ஒன்றே. எங்கள் பக்கம் குலதெய்வத்தின் பெயரை வீட்டுக்கு ஒருவருக்கு வைப்பார்கள், அதனால் அது அதிசயமில்லை. முதலெழுத்து ஒருவருக்கு மு., இன்னொருவருக்கு மா. தமிழில் இருந்திருந்தால் பிடிபட்டிருக்கும். கணினியில் பெயர்கள் ஆங்கிலத்தில் ஏறியிருந்தன. அங்கே இரண்டும் ஒரே எழுத்து.

இதற்கிடையே குடிநீர்க் கட்டணத்தையும் அதே மகன்தான் கட்டி வந்தார். அதில் ஒரு தவறும் இல்லை. காரணம், குடிநீர் அட்டையில் இணைப்பு எண் பெரிதாக எழுதியிருந்தது. அதைப் பார்த்து அப்படியே தட்டியிருக்கிறார்.

முதல் முடிவு: கட்டிவிட்டுப் பேசுவதா, பேசிவிட்டுக் கட்டுவதா

மகன் போனில் கொதித்தார். ரூ.4,944 நகராட்சியிடம்தானே இருக்கிறது, அதை இந்தக் கணக்குக்கு மாற்றட்டும், அதுவரை ஒரு பைசா கட்டக்கூடாது என்றார். நியாயம்தான். ஆனால் நான் கட்டிவிடச் சொன்னேன்.

மாற்றித் தருவது அவ்வளவு சுலபமில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு கணக்கில் கேட்பு, அதாவது கட்ட வேண்டிய தொகை, நிற்கிறது, பணம் வருகிறது, கேட்பு தீர்கிறது. வருடம் முடிந்து கணக்கு மூடித் தணிக்கையும் போய்விட்டால், அதைத் திறந்து இன்னொரு கணக்கில் போட எந்தக் கணக்காளரும் கையெழுத்து வைக்கத் தயங்குவார். இன்னொன்று வட்டி. 2023 ஏப்ரல் 13 முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் 2023 விதிகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. அரையாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, உச்சவரம்பு ரூ.5,000. தாமதமானால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி. வந்த அறிவிப்பில் வட்டி சேர்க்கவில்லை, இழுத்தால் சேரும். அதோடு, பாக்கி நிற்கும் கணக்கில் பெயர் மாற்ற விண்ணப்பத்தை வாங்க மாட்டார்கள். பெயர் மாற்றம் இனியும் தள்ளிப்போடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

ஜூன் மூன்றாம் வாரம் ரூ.3,535 கட்டினோம். அதே நாளில் தனியாக ஒரு மனு: தவறான எண்ணில் செலுத்திய தொகை, ஏழு ரசீதுகளின் நகல், அதை எங்கள் கணக்குக்குச் சரிக்கட்டும்படி கோரிக்கை. தபால் பிரிவில் கொடுத்து நகலில் சீல் வாங்கினோம். கட்டியதால் கோரிக்கையைக் கைவிட்டதாக ஆகாது என்று மனுவின் கடைசி வரியில் எழுதினேன்.

தெருமுனை வீட்டுக்காரர்

இந்த இடத்தில் தவறு என்னுடையது. மனுவின் பதில் வரும் முன்பே நேரில் பேசினால் முடிந்துவிடும் என்று, ரசீதுக் கட்டோடு, மகனைப் போன் ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர், எழுபதைத் தாண்டியவர். திண்ணையில் காகிதத்தைப் பரப்பியதுமே முகம் மாறிவிட்டது.

"நானா கட்டச் சொன்னேன்?"

அதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

அவர் ஏமாற்றினார் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. 2018-ல் அரசு சொத்து வரியை உயர்த்தி, 2019 நவம்பரில் அந்த உயர்வை நிறுத்தி வைத்தது. கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அந்தத் தொகை வரும் அரையாண்டுகளில் ஈடுசெய்யப்படும் என்றும் அறிவித்தது. அவர் 2020-ல் கவுன்டரில் போய்க் கேட்டபோது "பாக்கி இல்லை" என்றார்கள். ஓஹோ, கழித்துக்கொண்டார்கள் போல என்று திரும்பிவிட்டார். அடுத்த வருடமும் பாக்கி இல்லை. திருப்பூரில் இருக்கும் மகன் கட்டுகிறான் போல என்று நினைத்திருக்கிறார். அந்த மகன், அப்பா கட்டுகிறார் என்று நினைத்திருக்கிறார்.

ஒருவர் தானமாக எண்ணாமல் செய்த செலவின் பலனை இன்னொருவர் அனுபவித்தால் ஈடுசெய்ய வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு சொல்கிறது. மகன் அதைத் தேடிப் பிடித்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம் என்றார். நாலாயிரத்துச் சொச்சத்துக்கு நோட்டீஸ் அனுப்பி, அதே தெருவில் அந்த அம்மா தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும். வேண்டாம் என்றேன்.

கடைசியில் அம்மாவே தனியாகப் போனார். காகிதம் எதுவும் எடுத்துப் போகவில்லை. "அண்ணே, பையன் தெரியாம உங்க வீட்டுக்குக் கட்டிட்டான், நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றாராம். அவர் மறுநாள் தானே நகராட்சிக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். கணக்குப்பிள்ளை இல்லையா, ஏழு வரவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கூட்டி, 4,944 என்று அடிக்கோடு போட்டு எடுத்து வந்தார். ஜூலையில் ரூ.3,000 கொடுத்தார். மீதி தீபாவளிக்கு அப்புறம் என்றார்.

ஆகஸ்டில் மனுவுக்குப் பதில் வந்தது. தொகை அந்த வரிவிதிப்பு எண்ணின் கேட்புக்கு ஈடாக வரவு வைக்கப்பட்டுவிட்டது, மாற்ற இயலாது. எதிர்பார்த்த பதில்தான்.

இரண்டாவது முடிவு: அடுப்படியைச் சொல்வதா

பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பம் நிரப்பும்போது பரப்பளவு என்ற இடத்தில் பேனா நின்றது. பதிவேட்டில் 590. அது 1994-ன் அளவு. 2009-ல் சேர்த்த அடுப்படியும் அறையும் அதில் இல்லை. டேப் பிடித்துப் பார்த்தால் 790.

மகனுக்கு இதில் விருப்பமில்லை. "இருக்கற பிரச்சினையே போதும் சார், அவங்களா கேட்டா சொல்லிக்கலாம்" என்றார். நான் ஒரு பக்கம் சாயாமல் இரண்டையும் சொன்னேன். சொன்னால் வரி ஏறும். 600-ஐத் தாண்டுவதால் உயர்வும் 25-லிருந்து 50 சதவீதப் படிக்குப் போகும். சொல்லாவிட்டால் இப்போதைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நாமே இரண்டு மனு கொடுத்து இந்த வீட்டின் மேல் கவனத்தைத் திருப்பியிருக்கிறோம், அளக்க ஆள் வரும். வந்து கண்டுபிடித்தால் மறைத்ததாகத்தான் எழுதுவார்கள்.

அம்மா ஒரு வரியில் முடித்தார்: "அடுப்படி கட்டுனது ஊருக்கே தெரியும். நகராட்சிக்கு மட்டும் தெரியக்கூடாதா?"

790 என்றே எழுதினோம்.

பெயர் மாற்றமும் மகளின் சந்தேகமும்

கணவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கடைசி வரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதம். வாரிசுச் சான்று 2015-லேயே கணவரின் பணிக்கொடைக்காக வாங்கியது, பையின் அடியில் கிடந்தது. இல்லாவிட்டால் தாசில்தார் அலுவலகத்துக்குத் தனியாக அலைய வேண்டியிருந்திருக்கும்.

மதுரையில் இருக்கும் மகள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடத் தயங்கினார். அம்மா பெயருக்கு மாறினால் தன் பங்கு போய்விடுமோ என்று. இது நிறையப் பேருக்கு இருக்கும் பயம். வரி ரசீதில் பெயர் இருப்பது உரிமைக்கு ஆவணம் ஆகாது. வரியை யாரிடம் கேட்பது என்று நகராட்சி வைத்திருக்கும் குறிப்பு அது. பத்திரமும் பட்டாவும் வாரிசுரிமையும் தனி. இதைப் போனில் பதினைந்து நிமிடம் சொன்ன பிறகு கையெழுத்து வந்தது.

ஆகஸ்ட் கடைசியில் அளக்க வந்தார்கள். டேப்பின் ஒரு முனையை அம்மாவே பிடித்துக்கொண்டு நின்றார். செப்டம்பரில் உத்தரவு வந்தது: பெயர் மாற்றப்பட்டது, கதவு எண் 31 என்று திருத்தப்பட்டது, பரப்பளவு 790, அரையாண்டு வரி ரூ.812. முந்தைய மூன்று அரையாண்டுக்கு வித்தியாசம் ரூ.307 வீதம் ரூ.921 கட்டச் சொன்னார்கள். 2009 வரை பின்னால் போகாமல் 2022-23 முதல் மட்டும் போட்டதை, தானாக முன்வந்து சொன்னதற்குக் கிடைத்த சலுகை என்றே எடுத்துக்கொண்டேன்.

ரசீதில் நூலக வரி என்று இருந்ததைப் பார்த்து, "நான் எந்த நூலகத்துக்கும் போறதில்லையே" என்றார் அம்மா. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலகத்துக்குப் போகிறது. 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் வழியில் வந்தது. தெருவுக்குப் பின்னால் இருக்கும் கிளை நூலகத்தில் மாலைமலர் படிக்கப் போகிறவர் அந்த அரிசிமண்டிக்காரர்தான் என்று சொன்னதும் சிரித்துவிட்டார்.

அக்டோபர் இரண்டாம் வாரம் இரண்டாம் அரையாண்டு வரியைக் கட்டினோம். 5 சதவீதம் போக ரூ.771. அந்த வீட்டின் வரலாற்றில் ஊக்கத்தொகை வாங்கியது அதுதான் முதல் தடவை. தீபாவளி முடிந்து நான்காம் நாள் மீதி ரூ.1,944 வந்தது, ஒரு டப்பா அதிரசத்தோடு.

இன்னொரு தடவை வந்தால்

முதல் நாளே மனு எழுத உட்காராமல் இரண்டு காகிதத்தின் வரிவிதிப்பு எண்ணையும் ஒப்பிட்டிருப்பேன். முப்பது வருடம் அந்த வேலை பார்த்தவன், பெயரையும் கதவு எண்ணையும் பார்த்து மயங்கியது எனக்கே கூச்சம். தெருமுனை வீட்டுக்கு முதலில் அம்மாவைத்தான் அனுப்பியிருப்பேன். நகராட்சியின் பதிலுக்குக் காத்திருக்காமல் பெயர் மாற்ற விண்ணப்பத்தை ஜூனிலேயே போட்டிருந்தால் ஒரு மாதம் மிச்சம்.

அந்த வீட்டில் இப்போது புதிய வரிவிதிப்பு எண்ணைக் குடிநீர் அட்டையின் பின்பக்கம் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்கள். மெஷின் சீட்டு வந்தால் அன்றே ஜெராக்ஸ். மகன் கட்டும் முன் தொகையைப் போனில் வாசித்துக் காட்டுகிறார், அம்மா ரசீதைப் பார்த்து ஆமாம் என்ற பிறகுதான் கட்டுகிறார்.

ஒன்று மட்டும் பாக்கி. இந்த வீட்டின் பதிவு 31 என்று திருந்திவிட்டது. தெருமுனை வீட்டைப் பதிவேட்டில் 52 ஆக்க அந்தப் பெரியவர் இன்னும் மனு கொடுக்கவில்லை. அந்தத் தெருவின் பெயரைப் போட்டு 31 என்று தேடினால் இப்போது இரண்டு வீடு வருகிறது.